வில்லியனூரில் வீட்டுக்குப் பின்னால் வில்லோ மரம் வைக்கலாமா?

வில்லியனூர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வில்லியனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு குழி இடம் சும்மா கிடக்கிறது. நாற்பது அடி அகலம், பின்சுவரிலிருந்து எண்பத்தாறு அடி நீளம். கடைசியில் ஒரு பாசன வாய்க்கால். மண் நல்ல களி. வெயில் காலத்தில் வெடித்துக் கிடக்கும், மழை விழுந்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு வராது.

அண்ணன் குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது, பாரீஸுக்கு வெளியே. அங்கே போயிருந்தபோது அவர்கள் ஊர்க் குளக்கரையில் ஒரு தொங்கு வில்லோ பார்த்தேன். கிளையெல்லாம் தரை வரை இறங்கி, உள்ளே நான்கு பேர் நாற்காலி போட்டு உட்காரலாம் போல நிழல். அன்றிலிருந்து அதே நினைப்பு. பொங்கலுக்கு வரும்போது ஒரு குச்சியை ஈரக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்கிறான் அண்ணன். இதற்கு நடுவில் ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரியில் "வில்லோ இங்கேயே இருக்கு மேடம்" என்று 850 ரூபாய்க்கு ஒரு கன்று காட்டினார்கள். இன்னும் வாங்கவில்லை.

நான் நினைத்திருக்கும் இடம் தென்மேற்கு மூலை. வீட்டிலிருந்து இருபத்தைந்து அடி இருக்கும். அங்கே எப்போதும் தண்ணீர் நிற்கிறது. வில்லோ தண்ணீர் நிறையக் குடிக்கும் என்கிறார்கள், மூலையும் காய்ந்துவிடும், மரமும் வந்துவிடும் என்று கணக்கு. ஆனால் செப்டிக் டேங்க் அந்தப் பக்கம்தான். வேர் ஏதாவது செய்யுமா? எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? வீட்டுக்காரர் "வேப்பங்கன்று ஒன்று வை, பேசாமல் இரு" என்கிறார்.

முத்தியால்பேட்டை மாடித்தோட்டம்:

அக்கா, தொங்குகிற மரம் வீட்டுக்கு ஆகாது, தலைவிரி கோலம் மாதிரி இருக்கும் என்று என் மாமியார் நெட்டிலிங்கத்தையே வைக்க விடவில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்றால் வையுங்கள். போட்டோ போடுங்கள்.

பழைய பட்டாளம், நெல்லிக்குப்பம்:

சகோதரிக்கு வணக்கம். வில்லோவோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். சர்வீஸில் காஷ்மீரில் இருந்தேன். அங்கே ஓடைக்கரை, வயல் வரப்பு, ரோட்டோரம் எல்லாம் அதுதான். நடுவது என்றால் பெரிய வேலை இல்லை; கை கனத்துக்கு ஒரு கொம்பை வெட்டி ஈரத்தில் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வசந்தத்தில் துளிர்த்து நிற்கும். இலையுதிர் காலத்துக்கு முன்னால் கிளையைக் கழித்து, இலையோடு மரக்கவட்டிலேயே சொருகி வைப்பார்கள். பனி விழுந்து புல் இல்லாதபோது ஆட்டுக்கு அதுதான் தீனி. குளிருக்கு மேலங்கிக்குள் நெருப்புச் சட்டி வைத்துக்கொள்வார்களே, காங்டி, அதன் கூடை பின்னுவதும் வில்லோ மிலாறில்தான். ஸ்ரீநகர் ரோட்டில் சங்கம், பிஜ்பிஹாரா பக்கம் போனால் கடைக்குக் கடை கிரிக்கெட் மட்டைக் கட்டைகளை அடுக்கிக் காயவைத்திருப்பார்கள். அதுவும் வில்லோதான், தொங்காத ஜாதி.

அங்கே நான் பார்த்தது ஒன்று: அந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் தூக்கம் வேண்டும். இலையெல்லாம் கொட்டி மூன்று நான்கு மாதம் சும்மா நிற்கும். நம் ஊரில் மார்கழியிலேயே மின்விசிறி போடுகிறோம். அது எப்போது தூங்கும்? ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலையில் வைக்கலாம். வில்லியனூரில் சித்திரை வெயிலைப் பார்த்தால் அதற்கே அழுகை வந்துவிடும்.

செம்மண்டலம் மேஸ்திரி:

டீச்சரம்மா, நான் கடலூரில் பிளம்பிங், டிரெய்னேஜ் வேலை பார்க்கிறவன். மரத்தின் மேல்பாதி எனக்குத் தெரியாது. கீழ்ப்பாதி தெரியும், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேர் பைப்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகிறது என்று எல்லோரும் பேசுவார்கள். நான் தோண்டிப் பார்த்த வரையில் அப்படி நடப்பதில்லை. இறுக்கமாக இருக்கும் பைப்பை வேர் தேடிப் போவதே இல்லை, சும்மா பக்கத்தில் படுத்துக் கிடக்கும். ஜாயின்ட்டில் கசிவு இருந்தால்தான் சங்கதி. வெளியே மண் ஈரமாகும், அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நூல் மாதிரி ஒரு வேர் வரும். சிமெண்ட் பூச்சில் ஒரு மயிரிழை விரிசல் போதும். உள்ளே நுழைந்துவிட்டால் தண்ணீர், காற்று, உரம் மூன்றும் இலவசம். அங்கேயே கிளைத்துக் கிளைத்துப் பெருகும். பிறகு நுழைந்த இடத்தில் வேர் பருத்து, அடுத்த துண்டைச் சொருகுகிற அகல வாய், காலர், விரிந்து, பைப் வெடிக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் வேர் உடைத்தது என்கிறோம்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீடு. கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் சுற்றிக்கொண்டே நிற்கிறது, இறங்கவில்லை. பைப் வழியில் பார்வையிடக் கட்டியிருக்கும் தொட்டியை, சேம்பரை, திறந்து கம்பி விட்டோம், ஐந்தடிக்கு மேல் போகவில்லை. கொக்கி மாட்டி இழுத்தால் முதலில் நான்கு இழை, அப்புறம் ஒரு பிடி, அப்புறம் இரண்டு ஆள் பிடித்து இழுக்க, பெண்பிள்ளையின் சடை மாதிரி ஒரே நீளமாக வெளியே வந்தது. நான்கு அங்குலப் பைப்பின் அளவுக்கே உருண்டு, செம்பழுப்பு நிறத்தில், இடையிடையே சோப்பு நுரை கட்டிப்பிடித்து. மரம் எங்கே என்று பார்த்தால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு ஓரத்தில் தானாக முளைத்த ஓர் அரசமரம். அதை யாரும் நடவே இல்லை.

வில்லோ இதில் அரசுக்கு அண்ணன். ஆற்றங்கரை மரம், வேர் மேலாகவே ஓடும், ஈரம் எங்கே என்று தேடுவதுதான் அதன் பிழைப்பு. இங்கிலாந்தில் களிமண் நிலத்தில் வீடு இன்சூரன்ஸ் பார்க்கிறவர்கள், வில்லோ என்றால் 40 மீட்டருக்குள் இருக்கிறதா என்று கேட்பார்கள். அது அதிகபட்சக் கணக்கு, எல்லா மரமும் அவ்வளவு தூரம் ஓடாது. இருந்தாலும் ஒரு பேச்சுக்குப் பாருங்கள்: உங்கள் பின்மனை மொத்தமே 26 மீட்டர். மூலையில் வில்லோ வைத்தால் உங்கள் வீடு, டேங்க், பக்கத்து வீட்டு டேங்க் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும்.

களிமண்ணில் இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வெயிலில் வெடிக்கும் என்று. அந்த நிலத்தில் பெரிய மரம் அஸ்திவாரத்துப் பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சினால் அந்த ஒரு பக்கத்து மண் மட்டும் கூடுதலாகச் சுருங்கும், வீட்டின் அந்த மூலை இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஏறிப் போகும் விரிசல் அதற்கு அடையாளம். பிரிட்டனில் 1976இல் மழை பொய்த்த வருஷம் இப்படி ஏகப்பட்ட வீடுகள் விரிந்தன. மணல்பாங்கான கடற்கரைத் தெருக்களில் இந்தப் பயம் அவ்வளவு இல்லை, களியில் உண்டு.

இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். வீடு எந்தக் காலத்தில் கட்டியது? கக்கூஸிலிருந்து டேங்க் வரை போகிற பைப் மண் பைப்பா, பிவிசியா? அந்த மூலை "எப்போதும்" ஈரம் என்கிறீர்கள். கார்த்திகையில் ஈரமாக இருப்பது சரி, சித்திரை வைகாசியிலும் ஈரமா? அங்கே என்ன முளைத்திருக்கிறது?

வில்லியனூர் டீச்சர்:

மேஸ்திரி அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. பட்டாளத்து அண்ணனுக்கும்.

வீடு அப்பா கட்டியது, 1984. பின்பக்கம் எதையும் மாற்றவில்லை. பைப் பழுப்பு நிறத்தில் பளபளவென்று, சேம்பரில் தெரிகிற வாய் அப்படித்தான் இருக்கிறது. கக்கூஸிலிருந்து டேங்க் வரை டேப் வைத்து அளந்தேன், இருபத்துநான்கு அடி. அந்த மூலையில் கோரை மண்டிக் கிடக்கிறது. சித்திரையிலும் பச்சையாகத்தான் இருக்கும். மற்ற இடம் வெடித்துக் கிடக்கும்போது அங்கே மட்டும் கால் வைத்தால் சொதசொதவென்று இருக்கும். வாய்க்கால் ஊற்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் வாய்க்கால் அறுபது அடி தள்ளி, கோடையில் காய்ந்தும் கிடக்கும். நீங்கள் கேட்டபிறகுதான் அது உறைக்கிறது.

நர்சரிக் கன்றையும் மறுபடி போய்ப் பார்த்தேன். இலை ஒல்லியாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. கிளை நுனி தொங்குகிறது. கசக்கி மோந்தால் தைலம் மாதிரி லேசான வாசனை.

கேப்பர்மலை நாற்றங்கால்:

அக்கா, அது வில்லோ இல்லை. தொங்கு பாட்டில் பிரஷ். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தினது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும், எண்ணெய்ச் சுரப்பி. நாவல், கொய்யா, யூகலிப்டஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். வில்லோ இலையில் அந்த வாசனை வராது, இலை மெத்தென்று இருக்கும், தொங்கு வில்லோ என்றால் அடிப்பக்கம் வெளிறித் தெரியும். பெயரை மாற்றி விற்கிறார்கள் என்று சண்டை போட வேண்டாம், எங்கள் தொழிலில் கீழே தொங்குகிற எல்லாவற்றுக்கும் வில்லோ என்று சொல்கிற பழக்கம் வந்துவிட்டது. 850 மட்டும் அதிகம்.

கன்றைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கத்து ஓடைக்கரை மரம் அது. நம் வெயிலைத் தாங்கும், பதினைந்து இருபது அடியோடு நின்றுகொள்ளும், சிவப்புப் பூவுக்குத் தேன்சிட்டு நாள் முழுக்க வரும். உங்களுக்கு வேண்டிய சாயல் கிடைக்கும். நாற்காலி போட்டு உட்கார்கிற கூடாரம் மட்டும் கிடைக்காது.

அண்ணன் கொண்டுவரும் குச்சி வேண்டவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து செடி, குச்சி, விதை எதுவானாலும் அந்த நாட்டின் நோயில்லாச் சான்றிதழும் நம் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் வரக்கூடாது, 2003ஆம் வருஷத்துப் பயிர்த் தடைக்காப்பு ஆணை இருக்கிறது. விமான நிலையத்தில் பிடுங்கிப் போடுவார்கள். பிடுங்காமல் விட்டால் இன்னும் மோசம், பட்டையில் ஒட்டிக்கொண்டு எந்தப் பூச்சி வருகிறது என்று யாருக்குத் தெரியும்.

வில்லோ ஜாதியே வேண்டும் என்றால் நம் நாட்டிலேயே ஒன்று உண்டு, ஆற்றுப்பாலை. ஓடைக்கரைகளில் தானாக வளரும், குச்சியிலேயே வேர் விடும், வெப்பமும் தாங்கும். ஆனால் தொங்காது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்துக் குச்சியை நட்டுவிட்டால் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும், வீட்டுக்குள் எல்லாம் வரும். அதையும் வாய்க்கால் ஓரத்தில்தான் வைக்க வேண்டும், டேங்க் பக்கத்தில் இல்லை.

என்னைக் கேட்டால் சமுத்திரப்பழம். செங்கடம்பு என்றும் சொல்வார்கள். ஏரிக்கரை மரம், தண்ணீரில் நின்றாலும் அழுகாது. ஒரு முழத்துக்கு மேல் நீளமாகச் சரம் சரமாகச் சிவப்புப் பூ தொங்கும். பூ ராத்திரி விரியும், விடிந்ததும் கொட்டிவிடும். காலையில் வாசல் தெளிக்கப் போகும்போது மரத்தடி முழுக்கச் சிவப்பாகக் கிடக்கும். கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும், அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாது.

செம்மண்டலம் மேஸ்திரி:

டீச்சரம்மா, மரத்தை ஒரு வாரத்துக்கு மறந்துவிடுங்கள். அந்த மூலையில் இருப்பது ஊற்று இல்லை. உங்கள் கக்கூஸ் தண்ணீர்.

1984 என்றால் சிமெண்ட் ஜாயின்ட் போட்ட மண் பைப். அந்தப் பைப் இரண்டடி நீளம்தான் வரும், ஆகவே இருபத்துநான்கு அடியில் பன்னிரண்டு துண்டு. களிமண் வருஷா வருஷம் சுருங்கி விரிந்து நாற்பது வருஷமாக அந்த ஜாயின்ட்டுகளை ஆட்டியிருக்கிறது. ஒன்றிரண்டு விட்டுப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த ஈரத்தின்மேல் வில்லோ மட்டுமில்லை, வீட்டுக்காரர் சொல்கிற வேம்பை வைத்தாலும் நேராக அங்கேதான் போகும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. டேங்குக்குள் விழுகிற பைப்பின் வாயை அடைக்கச் சொல்லுங்கள், பிளம்பரிடம் அதற்கு ரப்பர் அடைப்பான் இருக்கும். சேம்பர் பக்கம் தண்ணீர் விட்டு விளிம்பு வரை நிரப்பி ஒரு கோடு போடுங்கள். வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் அரைமணி நேரம் பாருங்கள். மண் பைப் முதலில் கொஞ்சம் தண்ணீரை இழுக்கும், அதனால் ஒருமுறை நிரப்பி, நின்று, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். மட்டம் கடகடவென்று இறங்கினால் சொல்ல வேண்டியதில்லை.

பைப் இறுக்கமாக இருந்தால் அடுத்த சந்தேகம் டேங்க் சுவர். அதைப் பூசிக்கொள்ளலாம். பைப்தான் என்றால் ஒட்டுப்போடும் வேலை வேண்டாம், மொத்தமாக எடுத்துவிட்டு 110 எம்எம் பிவிசி போடுங்கள். அது இருபது அடிக்கு ஒரு லெங்த் வரும். பன்னிரண்டு துண்டு இருந்த இடத்தில் நடுவில் ஒரே ஜாயின்ட்டோடு முடிந்துவிடும். களியில் அப்படியே புதைக்காமல் கீழேயும் மேலேயும் மணல் போட்டு மூடச் சொல்லுங்கள், மண் அசைந்தாலும் பைப் அசையாது. வாட்டம், அதாவது சரிவு, நாற்பதடிக்கு ஓரடி என்ற கணக்கில் கொடுத்தால் போதும், உங்களுக்கு ஏழு அங்குலம் வரும்.

யாராவது மயில்துத்தம் வாங்கிக் கக்கூஸில் கொட்டுங்கள், வேர் செத்துவிடும் என்று சொல்வார்கள். வேர் நுனி கருகும், கொஞ்ச நாளில் மறுபடி வரும். அதற்குள் டேங்கில் கழிவைக் கரைக்கிற கிருமியும் செத்துத் தொலையும். வேர்த்தடுப்பு ஷீட் என்று ஒன்று வருகிறது, மூன்றடி ஆழம் புதைப்பது. பக்கத்து வீட்டு மரம் வருகிறது, வேறு வழி இல்லை என்றால் போடலாம். வேர் அதற்கும் அடியில் நுழைந்து வரும் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

மூலையைக் காய வைக்க மரம் வைப்பது நம் ஊருக்குச் சரிப்பட்டு வராது. நம் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. அந்தச் சமயம் வானம் மூட்டமாக இருக்கும், மரம் குடிப்பதே குறைவு. ஃபெஞ்சல் வந்த 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, அதை எந்த மரம் குடிக்கும்? கசிவை அடைத்த பிறகும் கார்த்திகையில் தண்ணீர் நின்றால், மண்ணை வாய்க்கால் பக்கம் சரிவாக இழுத்துவிடுங்கள், போதும்.

புயலைப் பற்றி யாரும் பேசவில்லை. தானே புயலில், 2011 டிசம்பர் 30 விடியற்காலை, எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று பட்டாளத்து அண்ணனுக்குத் தெரியும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. காய்ப்புக்கு நட்ட, வைரம் பாய்ந்த மரங்களுக்கே அந்தக் கதி. வில்லோ வேகமாக வளருகிற மரம், கட்டை மெது, கிளை முறியும். அதன் பெயரில் வேறு எதையாவது வைத்தாலும் புரட்டாசிக்குள் கிளையைக் கழித்துக் காற்றுக்கு வழி விடுங்கள். வீட்டு உயரத்தைத் தாண்டிப் போகும் மரம் என்றால், விழுந்தால் கூரையில் படாத தூரம்தான் சரியான தூரம்.

பழைய பட்டாளம், நெல்லிக்குப்பம்:

மேஸ்திரி சொல்வது நூற்றுக்கு நூறு. தானேக்கு மறுநாள் எங்கள் தெருவில் பனையும் புன்னையும்தான் நின்றன. மற்றதெல்லாம் ரோட்டில். எனக்கும் வீட்டில் மண் பைப்தான். நாளைக்கே சேம்பரைத் திறந்து பார்க்கப்போகிறேன்.

வில்லியனூர் டீச்சர்:

சோதனை செய்து பார்த்தாயிற்று. இரண்டாவது முறை நிரப்பியும் கால்மணியில் ஒரு சாண் இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் முகத்தில் ஒரே சந்தோஷம், என்னவோ அவர்தான் கண்டுபிடித்தது மாதிரி. பிளம்பரிடம் சொல்லியாயிற்று, பிவிசிதான்.

அண்ணனிடம் குச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சமுத்திரப்பழம் இரண்டு கன்று வாய்க்கால் கரையில் வைக்கலாம் என்று இருக்கிறேன். பாட்டில் பிரஷ் ஒன்று கிணற்றடியில், பைப்புக்கு எதிர்ப்பக்கம். எப்போது நடலாம்? கரைமேலேயே வைக்கலாமா?

கேப்பர்மலை நாற்றங்கால்:

ஆடியில் குழி எடுத்து ஆறப்போடுங்கள், ஆவணி, புரட்டாசியில் நடுங்கள். மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். களியில் குழிக்குள் மட்டும் நல்ல மண் நிரப்பினால் தொட்டி மாதிரி தண்ணீர் நிற்கும், எடுத்த மண்ணையே தொழு உரம் கலந்து போடுங்கள். குச்சி கட்டினால் தளர்வாகக் கட்டுங்கள், கன்று காற்றில் ஆடினால்தான் அடி பருக்கும். சமுத்திரப்பழம் தண்ணீரில் நிற்கும் என்று சொன்னது வளர்ந்த மரத்துக்கு. முதல் வருஷக் கன்றை மூழ்க விடாதீர்கள்.

செம்மண்டலம் மேஸ்திரி:

கரைமேல் வேண்டாம். வாய்க்கால் கரை பொதுப்பணித்துறை இடம். தூர்வார ஜேசிபி வந்தால் முதலில் போவது உங்கள் கன்றுதான். உங்கள் எல்லைக்கல்லிலிருந்து உள்ளே பத்தடி தள்ளி வையுங்கள், அப்போதும் டேங்குக்கு ஐம்பதடி இருக்கும்.

பைப் மாற்றுகிற அன்று டேங்கைத் திறப்பார்கள். "கொஞ்சம் அடைசல் இருக்கு, நானே இறங்கி எடுத்துடறேன்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். உள்ளே நிற்கும் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குகிறவனும் வரமாட்டான். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றமும்கூட. கழிவுநீர் லாரி வைத்து உறிஞ்சி எடுக்கட்டும். பழைய டேங்க் மூடிமேல் ஏறி நின்று வேடிக்கை பார்க்கவும் வேண்டாம், 1984 சிலாப், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும்.